ஆறாம் புத்தகத்தில் இறந்தவள்

லட்லோ,
மார்ச் 9, 1998

அன்புள்ள மிஸ்டர் மால்ட்பி,

உங்கள் பதின்மூன்றாம் புத்தகத்தின் முதல் ஒன்பது அத்தியாயங்கள் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. கயிறு பாதி வழியில் அவிழ்ந்துவிட்டதால் தபால்காரர் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் கெட்டியான கயிறாக வாங்குங்கள் என்று முப்பத்தொரு வருடமாகச் சொல்லி வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்குக் கோபம் வந்துவிடும். உங்கள் கதாநாயகன் ஆஸ்மண்டுக்கு எழுபது வயது என்பதை முதல் பக்கத்திலேயே நம்பிவிட்டேன். படையெடுத்து வந்த டேனியர்களை எதிர்த்து வரிசையில் நிற்கும்போது அவனுக்குத் தோள் வலித்துக் கேடயம் இறங்குகிறது. பக்கத்தில் நிற்பவன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி தன் கேடயத்தைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்திக்கொள்கிறான். அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு எடுத்துவிட்டேன். பிழை திருத்த ஆளுக்கொன்றாக நான் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அட்டைகளோடு ஒப்பிட்டால், நான்காம் புத்தகத்தில் டேனியக் கோடரிக்கு இரண்டு விரல்களைக் கொடுத்தவன் இப்போது அதே இடது கையின் ஐந்து விரல்களாலும் தாடியைக் கோதுகிறான். அவன் குதிரை மூன்றாம் அத்தியாயத்தில் பெண், ஐந்தாம் அத்தியாயத்தில் ஆண். தவக்காலத்தில் பன்றி இறைச்சி பரிமாறுகிறார்கள், பாதிரியாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இதெல்லாம் போகட்டும்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் கதவைத் திறந்துகொண்டு லியோபா வருகிறாள். பாளையத்தில் பீர் காய்ச்சி விற்றவள், ஆஸ்மண்டோடு பதினோரு வருடம் மோதிரமும் ஆசீர்வாதமும் இல்லாமல் குடும்பம் நடத்தியவள், அந்த லியோபாதான்.

"இன்னும் சாகலையா நீ?" என்கிறாள்.

"உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சாகலாம்னு இருந்தேன்" என்கிறான்.

அருமையான பேச்சு. ஆனால் செத்துப்போனது அவள்தான், மிஸ்டர் மால்ட்பி. ஆறாம் புத்தகத்தில், செவர்ன் ஆற்று வெள்ளத்தில் படகு கவிழ்ந்து. ஆஸ்மண்டே குழி வெட்டிப் புதைத்தான். இது எப்படி உங்களுக்கு மறந்தது என்று எனக்குப் புரியவில்லை.

தங்கள்,
ஈனிட் பிராசர்

*

லவுத்,
மார்ச் 14, 1998

அன்புள்ள மிசஸ் பிராசர்,

விரல்களை மறுபடி வெட்டிவிட்டேன். குதிரையைப் பெண்ணாகவே வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஆட்சேபம் இருக்காது. பன்றி இறைச்சிக்குப் பதில் ஈல் மீன் போட்டாயிற்று. பாதிரியார் இரண்டாம் முறை கேட்பது மட்டும் அப்படியே இருக்கும், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

லியோபா சாகவில்லை.

நான் படைத்த பெண் இருக்கிறாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாதா? நீங்கள் எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு இப்படி எழுதுகிறீர்கள்? அவள் கன்னியர் மடத்தில் இருக்கிறாள். தோட்டத்து மதில் ஓரமாக மடத்துக்கே பீர் காய்ச்சுகிறாள், கன்னியர்கள் வழக்கத்தைவிடக் குஷியாக இருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, அது வேறு விஷயம். புத்தகத்தை எடுத்துக் காட்டலாமென்றால் என்னிடம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் தேவாலயக் கூரைக்கு நிதி திரட்ட விற்பனைக்குக் கொடுத்துவிட்டேன். ஓட்டை அப்படியே இருக்கிறது.

இங்கே எல்லாரும் சேர்ந்து என்னைக் குழப்புகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் மிசஸ் டோட் தேநீர்க் கெட்டிலை ஒளித்து வைத்துவிட்டு, நான்தான் துணிமணி பீரோவில் வைத்தேன் என்கிறாள். பதிப்பகத்துப் பையன் நைஜல் போன் செய்து உடம்பு எப்படி, தூக்கம் எப்படி என்று டாக்டர் மாதிரி விசாரிக்கிறான். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. முதல் பத்துப் புத்தகங்களையும் அவன் படித்ததே இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசிப் புத்தகம் இது. ஆஸ்மண்டை எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று முதல் புத்தகம் எழுதும்போதே தெரியும். அதுவரை என்னைக் கொஞ்சம் எழுத விடுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை.

ஃபிராங்குக்கு இருமல் தேவலையா? ஆற்றுக் காற்று அவருக்கு ஆகாது.

தங்கள்,
கிளெமென்ட் மால்ட்பி

*

லட்லோ,
மார்ச் 20, 1998

அன்புள்ள மிஸ்டர் மால்ட்பி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

என் கணவர் ஃபிராங்க் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நீங்கள் அடக்கத்துக்கு வந்தீர்கள். இரண்டாம் வரிசையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள், தேவாலயப் பாட்டைத் தப்பான ராகத்தில் சத்தமாகப் பாடினீர்கள், எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

லியோபாவின் அட்டையை எடுத்து முன்னால் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து, 1975 அக்டோபர். 'பதினேழாம் அத்தியாயம், செவர்னில் மூழ்கினாள், மறுநாள் உடல் கிடைத்தது, ஆஸ்மண்ட் புதைத்தான்' என்று இருக்கிறது. மடம் எங்கேயும் இல்லை. ஒன்பதாம் புத்தகத்தில் அவன் குடித்துவிட்டு அவளை நினைத்து அழுகிறானே, உயிரோடிருந்தால் ஏன் அழ வேண்டும்? நான் எங்கேயாவது தவறியிருக்கிறேனா என்று எல்லா அட்டைகளையும் புரட்டிவிட்டேன். இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. நைஜல் எனக்கும் போன் செய்தார்.

"மிசஸ் பிராசர், சுத்தி வளைக்காமக் கேட்டுடறேன். அவர் சரியா இருக்காரா? ஒரே அத்தியாயத்தை மூணு தடவை அனுப்பியிருக்கார். அவர் எழுதலாம்னு நீங்க சொன்னா அவரே எழுதட்டும். வேண்டாம்னு சொன்னா வேற ஆளை வச்சு முடிச்சுக்கறோம். எங்களைவிட அவரைத் தெரிஞ்சவங்க நீங்கதானே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உங்கள் கடிதம் வரும்வரை காத்திருந்தேன். விரலும் குதிரையும் யாருக்கும் தவறும். ஆனால் உங்கள் கையால் புதைத்த பெண்ணை உயிரோடிருக்கிறாள் என்று நீங்கள் அடித்துச் சொல்கிறீர்கள், இறந்துபோன என் கணவரின் இருமலை விசாரிக்கிறீர்கள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. உள்ளது உள்ளபடி நைஜலுக்கு இரண்டு பக்கம் எழுதி நேற்றுத் தபாலில் போட்டேன்.

உங்களுக்கு நல்லது செய்கிறேனா துரோகம் செய்கிறேனா என்று தெரியவில்லை. பெட்டியில் போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று தபால் நிலையத்தில் கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஈனிட் பிராசர்

*

லவுத்,
ஏப்ரல் 2, 1998

அன்புள்ள மிசஸ் பிராசர்,

நைஜல் வந்துவிட்டுப் போனான். ஒரு கேக் வாங்கி வந்திருந்தான். மரியாதையாகத்தான் பேசினான், குறை சொல்ல முடியாது. லீட்ஸில் ஒருவர் இருக்கிறாராம், முப்பத்தைந்து வயது, என் குறிப்புகளை வைத்துக்கொண்டு மீதியை எழுதிவிடுவாராம். ஆஸ்மண்ட் நிறையப் பேசுகிறான், கொஞ்சம் குறைக்கலாம் என்பது அவர் அபிப்பிராயம். அதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டிய தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இருபத்திரண்டாம் தேதி வந்து வாங்கிக்கொள்வான்.

உங்கள்மேல் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாள். தோட்டத்தில் நடந்துகொண்டே உங்களைத் திட்டினேன், மிசஸ் டோட் ஜன்னலைச் சாத்திவிட்டாள். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு இரண்டும் நினைவிருக்கிறது. அவளைக் குழியில் இறக்கியது நினைவிருக்கிறது. மழை, மண் ஈரமாக மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது, ஆஸ்மண்ட் காலால் தள்ளித் தள்ளி எடுத்தான். ஈல் பிடிப்பவர்கள் அவளை வலையோடு கரைக்கு இழுத்ததும் நினைவிருக்கிறது. அவள் மூக்கெல்லாம் சேறு, கண்ணைத் திறந்ததும் கெட்ட வார்த்தை பேசினாள். இரண்டையும் நான்தான் எழுதினேன். ஒன்று கனவாக இருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களை நம்புவதா என்னை நம்புவதா என்றால் உங்களைத்தான் நம்ப வேண்டும். பன்னிரண்டு புத்தகத்தில் நீங்கள் ஒரு குதிரையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தை நேற்றுக் கணப்பு நெருப்பில் போட்டுவிட்டேன். செத்தவள் செத்தவளாகவே இருக்கட்டும்.

அவன் கடைசியில் அவளிடமே திரும்பிப் போவதுதான் முடிவு. இப்போது திரும்பிப் போக யாரும் இல்லையே, பிறகு அந்தக் கிழவனை எங்கே கொண்டுபோய் விடுவது? அதை லீட்ஸ்காரர் பார்த்துக்கொள்ளட்டும். நான் அப்படியொன்றும் வருத்தப்படவில்லை. இல்லை, பொய். வருத்தப்படுகிறேன்.

தங்கள்,
கி. மால்ட்பி

*

லட்லோ,
ஏப்ரல் 9, 1998

அன்புள்ள மிஸ்டர் மால்ட்பி,

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது போடாதீர்கள்.

நேற்று நூலகத்துக்குப் போயிருந்தேன். அங்கே பெரில் என்று ஒரு பெண் வேலை செய்கிறாள், உங்கள் புத்தகங்கள் என்றால் உயிர். என்னை மடக்கிக்கொண்டாள்.

"நீங்கதான் அவருக்குப் பிழை பாக்கறவங்களாமே. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் புத்தகத்துலயாவது ஆஸ்மண்ட் போய் லியோபாவைக் கூட்டிட்டு வருவானா? எத்தனை வருஷமா அவளை அந்த மடத்துலயே போட்டு வச்சிருக்கீங்க, உங்களுக்கே நியாயமா இருக்கா?"

அவள் ஆற்றில் மூழ்கிச் செத்துவிட்டாளே என்றேன்.

"யாரு சொன்னா?" என்றாள்.

அலமாரியிலிருந்து ஆறாம் புத்தகத்தை எடுத்து, பதினேழாம் அத்தியாயத்தைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். ஈல் பிடிப்பவர்கள், வலை, சேறு, கெட்ட வார்த்தை, கடைசியில் கன்னியர் மடம். எல்லாம் அச்சில் இருக்கிறது. குழியும் இல்லை மண்வெட்டியும் இல்லை. அங்கேயே குழந்தைகள் பகுதியில் இருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் முறை படித்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தட்டச்சுப் பிரதியைப் படிப்பேன், அச்சுக்கு முன் வரும் புரூஃபைப் படிப்பேன். அச்சான புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். புத்தகமாக வந்தபின் ஒரு பிழை கண்ணில் பட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உயிர்தான் போகும். நீங்கள் கையெழுத்திட்டு அனுப்பிய பன்னிரண்டும் என் வீட்டில் கடையில் இருப்பதுபோல இருக்கின்றன. ஆறாம் புத்தகத்துக்கு மட்டும் நான் புரூஃபும் பார்க்கவில்லை. அந்த 1975 நவம்பரில்தான் என் தங்கை க்வென் பிரிஜ்நார்த்தில் செவர்ன் ஆற்றில் போனாள். மழைக் காலம், படித்துறையில் கால் வழுக்கிவிட்டது. இம்முறை புரூஃப் பார்க்க இயலாது, தங்கை ஆற்றில் இறந்துவிட்டாள் என்று உங்களுக்கு இரண்டு வரி எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

நீங்கள் புரூஃபில் மாற்றிவிட்டீர்கள். எனக்காக மாற்றினீர்கள், இல்லையா? நான் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று காத்திருந்தீர்களோ என்னவோ. நான் திறக்கவே இல்லை. பிறகு அட்டையைக் காட்டி நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள் என்று சாதித்தேன்.

உங்களுக்கு மறதி வந்திருக்கிறது, மிஸ்டர் மால்ட்பி. அதை மறைத்துப் பேச மாட்டேன், உங்களுக்கும் தெரியும். ஆனால் லியோபா விஷயத்தில் மறதி உங்களுடையது அல்ல. நைஜலுக்குப் போன் செய்து நான் எழுதியது தப்பு என்றேன். ஒரே அத்தியாயம் மூன்று முறை வந்தது நிஜம்தானே என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. நான் விடப் போவதில்லை.

மன்னியுங்கள். இதைவிடப் பெரிய வார்த்தை என்னிடம் இல்லை.

ஈனிட் பிராசர்

*

லவுத்,
ஏப்ரல் 15, 1998

என் அன்புக்குரிய மிசஸ் பிராசர்,

உங்கள் தங்கை க்வென் பற்றிய செய்தி இன்று காலை வந்தது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆற்றைப் பார்த்துக் கோபப்படவும் முடியாது. அவளுக்கு எத்தனை வயது? சின்னப் பெண்ணாகத்தான் இருப்பாள். இந்த நேரத்தில் நீங்கள் என் புத்தகத்தைப் பற்றியெல்லாம் கவலைப்படக் கூடாது. புரூஃபை நான் பார்த்துக்கொள்கிறேன், குதிரைகள் எப்படியோ போகட்டும். சாப்பிடுங்கள். ஃபிராங்கை உங்கள் பக்கத்திலேயே இருக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிறகு நீங்கள் எதிர்பாராமல் படித்துக் கலங்கிவிடக் கூடாதே என்று சொல்கிறேன். நான் எழுதியிருந்ததில் லியோபா ஆற்றில் போகிறாள். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு அதை எப்படி அச்சுக்குக் கொடுப்பது? என்னால் ஆகாது. காலையிலிருந்து உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டேன், ஆறு பக்கம், இத்துடன் வைத்திருக்கிறேன். அவளைக் கரையேற்றியாயிற்று. கதைக்கு இது சரியா என்றால், சரியில்லை. ஆஸ்மண்ட் அவளைப் புதைத்துவிட்டுத் திரும்பினால்தான் அவன் கோபத்துக்கு அர்த்தம் இருக்கும். இருக்கட்டும், வேறு ஏதாவதற்குக் கோபப்படட்டும்.

இது ஆறாம் புத்தகமா பதின்மூன்றாம் புத்தகமா என்று பாதியில் குழம்பிவிட்டது. மிசஸ் டோடைக் கேட்டேன், "எனக்கு என்ன தெரியும், நீங்க எழுதுங்க" என்றாள். எழுதினேன். மேசையில் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, கடைசிப் பக்கத்தை அதில்தான் எழுதினேன்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்,
கிளெமென்ட் மால்ட்பி

*

லட்லோ,
ஏப்ரல் 20, 1998

அன்புள்ள கிளெமென்ட்,

க்வெனைப் பற்றி நீங்கள் எழுதியதற்கு நன்றி. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. இத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை வயது என்று யாரும் கேட்கவில்லை.

ஆறு பக்கங்களையும் படித்தேன். வயதுக் கணக்கு எல்லாம் தப்பு. படகு கவிழும்போது ஆஸ்மண்டுக்கு முப்பத்து மூன்று வயது, கரைக்கு ஓடி வரும்போது எழுபது. குதிரை இரண்டு முறை பால் மாறுகிறது. வலையை இழுக்கும் இடத்தில் ஆஸ்மண்டும் தண்ணீரில் இறங்கி, இரண்டு விரல் இல்லாத கையால் அவள் தலைமுடியைப் பற்றிக்கொண்டு, விடமாட்டேன் என்று நிற்கிறான். முப்பத்தொரு வருடத்தில் நீங்கள் இப்படி எழுதியதில்லை. கூட்டல் கழித்தலை நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்குத்தானே இருக்கிறேன்.

இதை நைஜலுக்குப் போனில் முழுதாகப் படித்துக் காட்டினேன். "லீட்ஸ்காரருக்கு இது வராதுங்க" என்றார். செப்டம்பர் கடைசிவரை காத்திருப்பார்கள். நான் உங்கள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. சரி என்று சொல்லிவிட்டேன், உங்களைக் கேட்கவில்லை. மிசஸ் டோட் தன் வீட்டுப் பின்னறையைத் தருகிறாள். காலையில் நீங்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். முதல் நாள் எங்கே விட்டோம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நான் படித்துக் காட்டுவேன். எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வருகிறேன், லிங்கன் வரை ரயில், அப்புறம் பஸ். நான் வந்து சேரும்வரை தயவுசெய்து யாரையும் கொல்லாதீர்கள்.

ஈனிட்